வந்து தங்கியோரின் வீடு
காந்திபுரத்துக் கத்தோலிக்க சமூகம் வளர்ந்த வரலாறு

பங்கு என்னும் சொல்லை நாம் நாள்தோறும் வழங்குகிறோம். பங்குக் கோவில், பங்குக் குரு, பங்கு மக்கள், பங்குத் திருவிழா என்று அச்சொல் நம் குடும்ப வாழ்வோடு ஒன்றிவிட்டது. தமிழில் அதன் பொருள் வெளிப்படையானது. பலருக்கும் பொதுவான ஒன்றில் ஒருவருக்கு உரிய பகுதி பங்கு எனப்படும். அது உரிமையுமாகும்; அவர் ஏற்க வேண்டிய பொறுப்புமாகும்.

மேலைநாட்டு மொழிகளில் இதற்கு வழங்கும் சொல் வேறொரு வேரிலிருந்து பிறந்தது. ‘பரோய்க்கியா’ என்பது அதன் கிரேக்க மூலம். சொந்த ஊரல்லாத ஓர் ஊரில் அயலாராய் வந்து தங்கியிருத்தல் என்பது அதன் முதற்பொருள். உரோமைப் பேரரசின் நகரங்களில் வாழ்ந்த தொடக்கக் காலக் கிறிஸ்தவர்கள், இவ்வுலகில் தாங்கள் வழிப்போக்கரே என்ற உணர்வோடு தங்கள் சமூகங்களை அப்பெயரால் அழைத்தனர். அயலாராய் வந்து தங்கியோரின் கூட்டமே நாளடைவில் பங்கு என்னும் அமைப்பாயிற்று.

வந்து தங்குவது ஒன்று; பங்கு பெறுவது மற்றொன்று. முன்னது பின்னதாக மாறுவதே ஒரு பங்கின் வரலாறு எனலாம். இவ்வுண்மையைக் கண்ணாரக் காண விரும்புவோர் கோவை மாநகரின் காந்திபுரத்தைப் பார்த்தால் போதும்.

எண்களைப் பெயராய்க் கொண்ட தெருக்கள்

கோவையின் பழைய நகரம் பெரிய கடை வீதியையும் அதைச் சூழ்ந்த தெருக்களையும் நடுவாகக் கொண்டது. காந்திபுரம் அத்தகைய பழைமை வாய்ந்த குடியிருப்பு அன்று. 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிளேக் நோய் கோவையை மீண்டும் மீண்டும் தாக்கியது. நெருக்கமான பழைய தெருக்களில் வாழ்வது ஆபத்து என்று கண்ட மக்கள் வெளிப்புறம் நோக்கிக் குடிபெயரத் தொடங்கினர். நகரம் மெல்ல மெல்ல விரிந்தது. அவ்வாறு விரிந்த நகரில் காந்தியடிகளின் பெயர் தாங்கி எழுந்ததே காந்திபுரம்.

முதல் தெரு, இரண்டாம் தெரு, மூன்றாம் தெரு என்று இங்குள்ள பல தெருக்களுக்கு எண்களே பெயராயின. பழைய ஊர்களில் ஒரு தெருவின் பெயரைக் கேட்டாலே அங்கு யார் வாழ்கின்றனர், என்ன தொழில் செய்கின்றனர், எந்தச் சாதியார் என்றெல்லாம் தெரிந்துவிடும். எண்ணிட்ட தெருவோ எவரையும் எதுவும் கேட்பதில்லை. வாடகை கொடுக்க இயன்றவர் எவரும் அங்கே குடியேறலாம். இது ஒரு சிறு செய்தியாகத் தோன்றினும், இந்தப் பகுதியில் எத்தகைய சமூகம் உருவாயிற்று என்பதை உணர இது நமக்கு உதவும்.

காந்திபுரத்தை அடுத்து நிற்பது 1872-இல் எழுந்த மத்திய சிறைச்சாலை. வ. உ. சிதம்பரனார் செக்கிழுத்த சிறை அதுவே. 1974-இல் மையப் பேருந்து நிலையம் இங்கே அமைந்தது. அதன்பின் கோவைக்கு வருவோர் பலரும் முதலில் கால் வைக்கும் இடம் காந்திபுரம் என்றாயிற்று. கிராஸ் கட் ரோட்டிலும் நூறடிச் சாலையிலும் துணிக்கடைகளும் நகைக்கடைகளும் பெருகின. வேலை தேடி வந்தோர், படிக்க வந்தோர், வணிகம் செய்ய வந்தோர், மருத்துவத்துக்காக வந்தோர் என யாவரும் இறங்கும் துறையாக இப்பகுதி விளங்கிற்று.

பழைய சிற்றூரில் கோவில் நடுவே நிற்கும். அதைச் சூழ்ந்து ஊர் வளரும். காந்திபுரம் போன்ற நகர்ப்புறத்தில் நிலைமை வேறு. இங்கே முதலில் மக்கள் வந்தனர். அவர்கள் கொண்டுவந்த விசுவாசம் பின்னரே கோவிலாக எழுந்தது. அவ்விசுவாசம் கொங்கு நாட்டில் வேரூன்றிய வரலாற்றை அறிய, நாம் சில நூற்றாண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

கருமத்தம்பட்டியில் ஏற்றிய விளக்கு

1606-இல் மதுரைக்கு வந்த இயேசு சபைக் குரு இராபர்ட் தெ நொபிலி, தமிழ் கற்று, தமிழர் வாழ்க்கை முறையை மேற்கொண்டு, மறையறிவித்தார் என்பதை நாம் அறிவோம். 1623-இல் அவர் வடதிசை நோக்கிப் புறப்பட்டுத் திருச்சி, சேந்தமங்கலம், சேலம் ஆகிய பகுதிகளுக்குச் சென்றார். 1640-இல் பல்தசார் தா கோஸ்தா என்னும் குரு பண்டாரசாமியாகப் பணியைத் தொடங்கினார். எளிய மக்களோடு தடையின்றிப் பழக இவ்வழி துணை செய்தது. அந்த 17-ஆம் நூற்றாண்டிலேயே கொங்கு மண்ணில் கிறிஸ்தவக் குடும்பங்கள் தோன்றின. கோவையிலிருந்து அவிநாசிக்குச் செல்லும் பெருவழியில் உள்ள கருமத்தம்பட்டி அவர்களுக்குத் தாய்வீடாயிற்று. செபமாலை அன்னையின் திருத்தலமாகிய அவ்வாலயம் இன்று பசிலிக்காவாகத் திகழ்கிறது.

அக்காலத்தில் குருக்கள் மிகச் சிலரே. ஒரு குரு பல நாள் நடந்து பல ஊர்களைச் சந்திக்க வேண்டியிருந்தது. அவர் மீண்டும் வருவதற்குப் பல மாதங்கள் ஆகும். இடைப்பட்ட காலத்தில் விசுவாசத்தைக் காத்தவர்கள் உபதேசியார்களும் குடும்பத் தலைவர்களும் தாய்மார்களுமே. சிறுவர்க்குச் செபம் கற்பித்ததும், சாகும் தறுவாயில் இருந்தோர்க்கு அருகிருந்து செபித்ததும், ஆபத்து வேளையில் ஞானஸ்நானம் கொடுத்ததும் அவர்களே.

1773-இல் திருத்தந்தை 14-ஆம் கிளமெந்து இயேசு சபையைக் கலைத்தார். மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1776-இல், பாரிஸ் வேதபோதக சபையார் புதுச்சேரியை நடுவாகக் கொண்டு இம்மறைப்பணியை ஏற்றனர். ஆனால் வந்த குருக்களின் தொகை பணியின் பரப்புக்குச் சற்றும் போதவில்லை. போர்களும் பஞ்சங்களும் நிறைந்த அந்த நெருக்கடிக் காலத்தில் கொங்கு நாட்டுத் திருச்சபை அழிந்துபோகாமல் காத்தது வீட்டுத் திண்ணையில் சொல்லப்பட்ட செபமாலையே. பங்கு என்பது குரு ஒருவரால் மட்டும் உயிர் வாழ்வதன்று என்னும் பாடத்தை நம் முன்னோர் ஏட்டில் படிக்கவில்லை; வாழ்ந்து காட்டினர்.

ஓர் ஆயரின் கனவும் கலக்கமும்

1845-இல் புதுச்சேரி மறைப்பகுதி பிரிக்கப்பட்டுக் கோவை தனிப் பகுதியாயிற்று. அதன் பொறுப்பு மெல்கியோர் தெ மரியோன் பிரெசிலாக் என்னும் இளம் குருவிடம் ஒப்படைக்கப்பட்டது. 1813-இல் பிரான்சு நாட்டில் பிறந்து, 1842-இல் இந்தியா வந்தவர் அவர். 1846 அக்டோபர் 4-ஆம் நாள் கருமத்தம்பட்டியில் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டபோது அவருக்கு வயது 32. 1850-இல் கோவை அப்போஸ்தலிக்க விக்காரியேட் என்னும் நிலைக்கு உயர்ந்தது. அவ்வாண்டிலேயே கோவைப் பெரிய கடை வீதியில் புனித மிக்கேல் அதிதூதர் பேராலயப் பணி தொடங்கிற்று. 1867-இல் அது நிறைவுற்றது.

ஆயர் பிரெசிலாக்கின் உள்ளத்தை ஆட்கொண்டிருந்த எண்ணம் ஒன்று. இந்நாட்டுத் திருச்சபையை இந்நாட்டுக் குருக்களே நடத்த வேண்டும் என்பதே அது. வெளிநாட்டுக் குருக்கள் நிலையாக ஆள்வதற்கல்ல, உள்நாட்டாரை உருவாக்கி ஒதுங்குவதற்கே வந்தவர்கள் என்று அவர் கருதினார். 1853-இல் உள்நாட்டுப் பெண்களுக்கெனக் காணிக்கை மாதா சபையையும் நிறுவினார். இன்று இவை எளியனவாகத் தோன்றலாம். அன்றோ அவருடைய உடன்பணியாளர் பலரே இவற்றைத் தயக்கத்தோடுதான் நோக்கினர்.

மற்றொரு முள்ளும் அவர் உள்ளத்தைத் தைத்துக்கொண்டிருந்தது. சாதி வழக்கங்களையும் உள்ளூர்ப் பழக்கங்களையும் திருச்சபை எந்த அளவுக்கு ஏற்கலாம் என்ற வினாவே அது. நொபிலியின் முறைகளுக்கு 1623-இல் திருத்தந்தை 15-ஆம் கிரகோரி இசைவு அளித்திருந்தார். ஆனால் 1744-இல் திருத்தந்தை 14-ஆம் பெனடிக்ட் கடுமையான வரையறைகளை விதித்தார். நடைமுறையில் ஒவ்வொரு குருவும் ஒவ்வொரு விதமாய் நடந்தனர். இக்குழப்பத்தில் தம் மனச்சான்றுக்கு அமைதி காணாத ஆயர் பிரெசிலாக், உரோமைக்குச் சென்று முறையிட்டு, 1855-இல் பதவி விலகினார்.

அவர் பணி அத்தோடு முடியவில்லை. 1856 டிசம்பர் 8-ஆம் நாள் லியோன் நகரில் ஆப்பிரிக்க மறைப்பணிச் சபையை நிறுவினார். 1859-இல் மேற்கு ஆப்பிரிக்காவின் பிரீடவுன் நகரை அடைந்த சில வாரங்களிலேயே கொள்ளை நோய்க்கு இரையாகி, ஜூன் 25-ஆம் நாள் உயிர் நீத்தார். 2020-இல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தது. கோவையில் அவர் கண்ட கனவு ஆப்பிரிக்க மண்ணிலும் விதைக்கப்பட்டது என்பது நம் மறைமாவட்டத்துக்குப் பெருமை. அவர் கலக்கத்துக்குக் காரணமான வினா இன்னும் முழுமையாகத் தீரவில்லை என்பது நமக்குத் தலைகுனிவு.

1886 செப்டம்பர் 1-ஆம் நாள், இந்தியத் திருச்சபையில் ஆட்சியமைப்பு நிறுவப்பட்டபோது, கோவை மறைமாவட்டமாயிற்று. ஆயர் பிரெசிலாக்கின் கனவு 1940-இல் நனவாயிற்று. அவ்வாண்டில் ஆயர் உபகாரசாமி கோவையின் முதல் இந்திய ஆயராகப் பொறுப்பேற்றார். விதைத்தவர் விலகிச் சென்று 85 ஆண்டுகள் கழிந்தபின் கதிர் முற்றியது.

ஆலைச் சங்கும் இரயில் வண்டியும்

அதற்குள் கோவை நகரின் தோற்றமே மாறியிருந்தது. 1862-இல் சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைக்குச் செல்லும் இருப்புப்பாதை போத்தனூர் வழியாக ஓடத் தொடங்கிற்று. 1873-இல் போத்தனூர்-மேட்டுப்பாளையம் பாதை கோவை நகரைத் தொட்டது. 1888-இல் ஸ்டேன்ஸ் துரையின் நூற்பாலை இயங்கலாயிற்று. 1930-களில் பைக்காரா நீர்மின்சாரம் கிடைத்ததும் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாய் எழுந்தன. பருத்தி விளையும் கரிசல் நிலம் அருகே இருந்தது. இதமான காற்றும் இருந்தது. மின்விசையும் வந்து சேர்ந்தது. ஆலைகளை அடுத்து வார்ப்படப் பட்டறைகளும், பம்பு செட்டு, மோட்டார் செய்யும் தொழிற்கூடங்களும் பெருகின.

ஆலைக்கு ஆள் வேண்டும். நாலாதிசையிலிருந்தும் மக்கள் வந்தனர். அவர்களுள் கத்தோலிக்கரும் இருந்தனர். சுற்றியிருந்த கொங்கு நாட்டுச் சிற்றூர்களிலிருந்தும், தமிழகத்தின் தென் மாவட்டங்களிலிருந்தும் வந்தவர்கள் தங்கள் சொந்த ஊர்ப் புனிதரின் படத்தையும் செபமாலையையும் மூட்டையில் முடிந்து கொண்டுவந்தனர். மேற்கே பாலக்காட்டுக் கணவாய் திறந்தே கிடந்தது. அவ்வழியாய் மலையாள நாட்டுக் கத்தோலிக்கக் குடும்பங்களும் வணிகத்துக்கும் உத்தியோகத்துக்கும் வந்து சேர்ந்தன.

இப்படி வந்தவர்களுக்கு முதலில் பேராலயமே புகலிடம். ஆயினும் குழந்தைகளை அழைத்துக்கொண்டு ஞாயிறுதோறும் தொலைவு செல்வது எளிதன்று. முறை வைத்து ஆலை வேலை செய்வோர்க்கு அது மேலும் கடினம். நகரப் பங்குகள் பலவும் பிறந்த முறை இதுவே. தொலைவிலுள்ள தாய்க் கோவிலின் கிளையாக ஒரு வீட்டிலோ பள்ளிக்கூட அறையிலோ கூடுகை தொடங்கும், ஞாயிறு திருப்பலி வரும், நிலம் கிடைக்கும், சிறு ஆலயம் எழும், பின்னர் தனிப் பங்கு என அறிவிக்கப்படும். மறைமாவட்டங்களும் இவ்வாறே பிறக்கின்றன. 2013 டிசம்பரில் பாலக்காட்டுப் பகுதியின் இலத்தீன் பங்குகள் கோவையிலிருந்து பிரிந்து, கள்ளிக்கோட்டை மறைமாவட்டப் பகுதியோடு சேர்ந்து, சுல்தான்பேட்டை மறைமாவட்டமாயின. மகளுக்குத் தனிக்குடித்தனம் வைத்துக் கொடுப்பது தாய்க்கு இழப்பன்று, நிறைவேயாகும்.

பதிவேட்டின் ஓரத்தில் எழுதிய வரலாறு

ஒரு பங்கின் வளர்ச்சியைப் பலரும் கட்டடத்தைக் கொண்டு அளக்கின்றனர். கோபுரம் உயர்ந்தது, மண்டபம் எழுந்தது, கெபி கட்டப்பட்டது என்று பட்டியல் இடுகின்றனர். அவை வேண்டியனவே. ஆனால் உண்மையான வரலாறு பங்கு அலுவலகத்தின் அலமாரியில் உள்ளது. ஞானஸ்நானப் பதிவேடு, திருமணப் பதிவேடு, இறந்தோர் பதிவேடு ஆகியவற்றை ஒவ்வொரு பங்கும் பேண வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம்.

இதில் அருமையான ஒரு நடைமுறை உண்டு. ஒருவர் உறுதிபூசுதல் பெற்றாலும், திருமணம் செய்தாலும், குருப்பட்டம் பெற்றாலும், துறவறத்தில் நித்திய வார்த்தைப்பாடு கொடுத்தாலும், அச்செய்தி அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்கு அனுப்பப்பட்டு, அங்குள்ள பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே குறிக்கப்பட வேண்டும். தென்கோடிச் சிற்றூர் ஒன்றில் ஞானஸ்நானம் பெற்ற மகள் காந்திபுரத்தில் மாலை சூடினால், அச்சிற்றூர்க் கோவிலின் ஏட்டு ஓரத்தில் ஒரு வரி கூடும். குடியேறியோரின் பங்குக்கு வரலாறு இவ்வாறு இரண்டு இடங்களில் எழுதப்படுகிறது. வேர் ஓர் ஊரில். கிளை மற்றோர் ஊரில். இரண்டையும் இணைப்பது ஒரு சிறு கடிதம்.

திருமண ஓலை வாசிக்கப்படுவதும் இத்தகையதே. நகரத்தில் அண்டை வீட்டார் பெயரே நமக்குத் தெரிவதில்லை. கோவிலில் மூன்று முறை ஓலை வாசிக்கும்போதுதான், ‘இவர் நம்மோடு இருக்கிறாரா!’ என்று பலர் அறிகின்றனர்.

ஏட்டில் பெயர் சேர்வதால் மட்டும் சமூகம் உருவாகிவிடாது. முன்பின் அறியாத மனிதரைக் குடும்பமாக்கும் வேலையைப் பங்கிலுள்ள சபைகளும் சங்கங்களும் செய்தன. 1833-இல் பாரிஸ் நகரில் பிரெடரிக் ஓசானாம் என்னும் மாணவரும் அவர் தோழர்களும் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபை, ஏழையின் வீட்டுக்கு நேரில் செல்ல நமக்குக் கற்பித்தது. 1921-இல் டப்ளின் நகரில் பிராங்க் டப் தொடங்கிய மரியாயின் சேனை, வாரந்தோறும் இருவர் இருவராய் வீடு சந்திக்கும் பழக்கத்தை ஊட்டியது. பாடற்குழுவும் ஞாயிறு மறைக்கல்வியும் பிள்ளைகளை ஒன்றுசேர்த்தன. திருவிழாக் கொடியேற்றமும் நவநாளும் தேர்ப்பவனியும், சொந்த ஊரை விட்டு வந்தோர்க்கு ஊர்த் திருவிழாவின் ஏக்கத்தைத் தணித்தன.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் தமிழில் திருப்பலி நிறைவேற்றப்பட்டது. பொதுநிலையினர் வாசகம் வாசித்தனர். பங்குப் பேரவைகள் அமைந்தன. 1990-இல் பாண்டுங் நகரில் கூடிய ஆசிய ஆயர் பேரவைகளின் மாநாடு, பங்கு என்பது சிறு சமூகங்களின் கூட்டுறவாக விளங்க வேண்டும் என வலியுறுத்தியது. தமிழகம் அச்சிறு சமூகங்களுக்கு அன்பியம் என்று அழகிய பெயர் சூட்டிற்று. பத்து இருபது குடும்பங்கள் ஒரு வீட்டில் கூடி, மறைநூல் வாசித்து, இன்ப துன்பம் பகிர்வது அன்பியம். சற்றே சிந்தித்தால், உபதேசியார் காலத்துத் திண்ணைச் செபமே புதுப்பெயரில் திரும்பி வந்திருப்பது விளங்கும்.

இரு அன்னையர் பெயர், இரு வழிபாட்டு மரபு

காந்திபுரத்துக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. இங்கே பாத்திமா அன்னையின் பெயரால் இலத்தீன் வழிபாட்டு மரபினரின் ஆலயமும், லூர்து அன்னையின் பெயரால் சீரோ மலபார் மரபினரின் ஆலயமும் உள்ளன. இரண்டும் ஒரே அன்னையின் பெயர்கள். 1858-இல் லூர்து நகரில் அன்னையைக் கண்ட பெர்னதெத், மாவு அரைக்கும் ஆலையை இழந்து வறுமையுற்ற ஒரு தந்தையின் மகள். அக்குடும்பம் குடியிருந்தது முன்பு சிறையாக இருந்த ஓர் இருட்டறையில். 1917-இல் பாத்திமாவில் அன்னையைக் கண்ட மூவரும் ஆடு மேய்த்த சிறுவர்கள். ஆலைத் தொழிலாளரும் சிறைச்சுவரும் சூழ்ந்த காந்திபுரத்துக்கு இவ்விரு பெயர்களும் எத்துணைப் பொருத்தம்!

சீரோ மலபார் திருச்சபை, புனித தோமையாரின் விசுவாச மரபையும் கிழக்குச் சிரியை வழிபாட்டு முறையையும் போற்றுவது. 1962-இல் அதன் திருப்பலியாகிய குர்பானா மலையாள மொழியில் நிறைவேற்றப்படலாயிற்று. 1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், கீழைத் திருச்சபைகளும் மேலைத் திருச்சபையும் மாண்பில் சமமானவை என அறிவித்தது. சொந்த ஊரை விட்டு வேறு பகுதியில் வாழும் கீழை மரபினர்க்குத் தங்கள் மரபிலேயே ஆன்மப் பராமரிப்புக் கிடைக்க வேண்டும் என்று, 1987 மே 28-ஆம் நாள் திருத்தந்தை 2-ஆம் யோவான் பவுல் இந்திய ஆயர்களுக்கு எழுதினார். பாலக்காட்டு மறைமாவட்டத்தின் பராமரிப்பில் இருந்த கோவைப் பகுதி சீரோ மலபார் மக்களுக்கென 2010 ஜனவரி 18-ஆம் நாள் இராமநாதபுரம் மறைமாவட்டம் நிறுவப்பட்டது. இது சேதுபதி மன்னர்கள் ஆண்ட இராமநாதபுரம் அன்று. கோவை நகரின் ஒரு பகுதியாகிய இராமநாதபுரம். ஆயர் பால் ஆலப்பாட் அதன் முதல் மேய்ப்பரானார்.

இதில் குடும்பங்கள் அறிய வேண்டிய ஒரு செய்தி உண்டு. ஒருவர் எத்தனை ஆண்டுகள் இலத்தீன் கோவிலுக்குச் சென்று அருட்சாதனங்களைப் பெற்று வந்தாலும், அதனால் மட்டும் அவருடைய வழிபாட்டு மரபு மாறிவிடுவதில்லை. இச்சட்டத்தைப் பிரிவினை என எண்ணலாகாது. அயலூரில் வாழ்வோர் தங்கள் முன்னோரின் செபத்தை இழந்துவிடலாகாது என்ற தாய்மையின் கவலையே இதன் உட்பொருள்.

ஆயினும் தனித்தனிக் கோவில்கள் எழும்போது தனித்தனி உள்ளங்களும் உருவாகிவிடும் ஆபத்து உண்டு. நேற்றுவரை ஒரே பாடற்குழுவில் பாடியவர்கள் இன்று ஒருவரையொருவர் விசாரிப்பதில்லை என்றால், மரபு வாழ்ந்தது. உறவு இறந்தது என்றே பொருள். மரபுகள் இரண்டாயினும் துன்பத்தில் துடிக்கும் உள்ளம் ஒன்றாயிருக்க வேண்டும்.

மூன்று மாதத்தில் பிறக்கும் உரிமை

இன்று காந்திபுரம் பேருந்து நிலையத்தில் புதியதொரு கூட்டம் இறங்குகிறது. ஜார்க்கண்டு, ஒடிசா, பீகார், அசாம் ஆகிய மாநிலங்களிலிருந்து ஆலைகளுக்கும் பட்டறைகளுக்கும் கட்டட வேலைக்கும் உணவு விடுதிகளுக்கும் இளைஞரும் இளம்பெண்களும் வருகின்றனர். அவர்களுள் கத்தோலிக்கரும் உளர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? சோட்டாநாகபுரிப் பீடபூமியில் 1885-இல் பணி தொடங்கிய இயேசு சபைக் குரு கான்ஸ்டன்ட் லீவன்ஸ், நிலத்தை இழந்துகொண்டிருந்த பழங்குடி மக்களுக்காக வழக்காடி அவர்கள் உள்ளத்தில் இடம்பெற்றார். அம்மக்களுள் பல்லாயிரவர் திருமறையைத் தழுவினர். உராவோன், முண்டா, கரியா குலங்களைச் சேர்ந்த அவர்தம் கொள்ளுப் பேரர்களே இன்று நம் ஆலைகளில் வேலை செய்கின்றனர்.

அவர்கள் நம் கோவிலுக்கு வந்து கடைசி வரிசையில் நிற்கின்றனர். மொழி புரியாது. பாடல் தெரியாது. திருப்பலி முடிந்ததும் ஓசையின்றிச் சென்றுவிடுகின்றனர். 2020 மார்ச்சு மாதம் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தபோது, இத்தகையோர் உணவின்றியும் ஊர் திரும்ப வழியின்றியும் தவித்ததை நாம் கண்டோம். அவர்கள் பெயர் எந்தப் பங்கின் குடும்ப அட்டையிலும் இல்லையெனில், அவர்களை யார் தேடிச் செல்வது?

‘அவர்கள் நம் பங்கினர் அல்லரே! சந்தா கட்டுபவர் அல்லரே!’ என்று எவரேனும் சொல்லக்கூடும். திருச்சபைச் சட்டம் அவ்வாறு சொல்லவில்லை. 1983-இல் வெளியான சட்டத் தொகுப்பின்படி, ஒரு பங்கின் எல்லைக்குள் மூன்று மாதமேனும் தங்கும் எண்ணத்தோடு வந்து வாழும் இலத்தீன் கத்தோலிக்கர் அப்பங்குக் குருவின் பொறுப்புக்கு உரியவராகிறார். எண்ணம் எதுவாயினும், மூன்று மாதம் உண்மையில் தங்கிவிட்டாலும் அப்படியே. நிலையான இருப்பிடம் இல்லாது அலைவோர்க்கோ, அவர்கள் அப்போது தங்கியிருக்கும் இடத்துப் பங்குக் குருவே அவர்களுடைய மேய்ப்பர். அதாவது, வந்து தங்கியவர் விண்ணப்பம் எழுதிப் பங்கைப் பெற வேண்டியதில்லை. அது அவருக்கு உரிமையாகவே கிடைக்கிறது. சந்தா பங்கின் செலவுக்கு உதவும் காணிக்கை. அது பங்கில் சேர்வதற்கான கட்டணமன்று.

இவ்விடத்தில் ஆயர் பிரெசிலாக்கின் கலக்கத்தை மீண்டும் நினைவுகூர்வோம். நகரத்துக்கு வந்தோர் தங்கள் சாதியைப் பேருந்திலேயே விட்டு இறங்கிவிட்டனர் என்று நாம் எண்ணுகிறோம். எண்ணிட்ட தெருவில் அது கண்ணுக்குத் தெரிவதில்லை என்பது மெய்யே. ஆனால் மகனுக்குப் பெண் தேடும்போதும், திருவிழாப் பொறுப்புகளைப் பங்கிடும்போதும் அது திரும்பி வந்து வாசலில் நிற்கிறது. ஒரே அப்பத்தில் பங்கு கொள்வோர், உறவில் பங்கு கொடுக்க மறுப்பது எங்ஙனம் பொருந்தும்? ஓர் ஆயர் தம் பதவியையே துறக்கும் அளவுக்குக் கலங்கிய செய்தியில், நம் மனம் சற்றேனும் கலங்க வேண்டாமா?

அன்பியம் ஒவ்வொன்றும் எளிய சில செயல்களைத் தொடங்கலாம். தன் எல்லைக்குள் உள்ள தொழிலாளர் விடுதிகளில் கத்தோலிக்கர் உளரா என்று இருவராகச் சென்று விசாரிக்கலாம். அவர்கள் மொழி அறிந்த குருவையோ துறவியையோ கண்டறிந்து, மாதம் ஒருமுறையேனும் அவர்கள் மொழியில் வாசகமும் பாவசங்கீர்த்தனமும் கிடைக்க ஏற்பாடு செய்யுமாறு பங்குப் பேரவையில் கேட்கலாம். கிறிஸ்து பிறப்பு நாளில் ஊருக்குச் செல்ல இயலாத இருவரைத் தன் வீட்டு விருந்துக்கு அழைக்கலாம். இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. இலையில் இன்னொருவருக்கு இடம் இருந்தால் போதும்.

கொங்கு நாட்டுக்கு விருந்தோம்பல் புதிதன்று. வந்தாரை ‘வாங்க’ என்று இன்முகத்தோடு அழைப்பது இந்த மண்ணின் பண்பு. நொபிலியின் வழிவந்தோரை இந்த மண் ஏற்றது. பிரான்சு நாட்டுக் குருக்களை ஏற்றது. தெற்கேயிருந்தும் கணவாய் வழியாகவும் வந்த நம் பாட்டன் பாட்டியரை ஏற்றது. காந்திபுரத்துக் கத்தோலிக்கருள் பெரும்பாலோர், ஓரிரு தலைமுறைக்கு முன் கையில் பெட்டியோடு வந்து இறங்கியவரின் வழிவந்தவர்களே. அயலாரை ஏற்றவர் தம்மையே ஏற்றார் என்று ஆண்டவர் கூறியதை நாம் மறக்க இயலாது.

வருகிற ஞாயிறு கடைசி வரிசையில் நிற்கும் இளைஞரிடம் சென்று பெயர் கேட்போம். எந்த ஊர் என்று கேட்போம். அவர் வந்து தங்கியவர். அவருக்கும் இங்கே பங்கு உண்டு.